சமையலறைச் சுவர், 47 ஞாயிறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை, மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆன அக்காவின் வலது கை விரல்நுனி சமையலறைச் சுவரில் 186 செ.மீ. உயரத்தைத் தொட்டது. பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினோம். நான் படம் எடுத்தேன். அந்த வரிசையில் அது 47ஆவது படம். இடது கை 193 செ.மீ. எட்டும், இன்னும் ஏழு பாக்கி. "இது போதும்டி, பரண்ல இருக்கற துணி மூட்டைக்கு எட்டுது" என்றாள் அக்கா. செய்ததையெல்லாம் வரிசையாக எழுதி வைக்கச் சொன்னதும் அவள்தான். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

நான் குன்னூரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், காதுகுத்து, கல்யாணம். அக்கா அருவங்காட்டில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். போன வருடம் மே மாதம் அவளுக்கு வலது மார்பில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரிந்தது. அக்குளை ஒட்டிய மேல்பக்கத்தில் கட்டி. குளிக்கும்போது கையில் பட்டிருக்கிறது, பட்டாணி அளவு, வலி கிடையாது. வலிக்காத கட்டி என்ன செய்துவிடப்போகிறது என்று நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பது எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது. படிக்கிற பெண்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது வீட்டில் சொல்லுங்கள்.

ஜூன் நடுவில் கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை நடந்தது. மார்பை முழுதாக எடுத்தார்கள். அக்குளில் 14 நெறிகளை (நிணநீர்க் கணுக்களை) எடுத்துப் பார்த்ததில் இரண்டில் நோய் இருந்தது. அப்புறம் 21 நாளுக்கு ஒன்றாக நான்கு கீமோ, வாரம் ஒன்றாக பன்னிரண்டு கீமோ, ஜனவரியில் 15 நாள் ரேடியேஷன். இப்போது தினம் ஒரு டமாக்ஸிஃபென் மாத்திரை, 20 மி.கி. சிகிச்சையைப் பற்றி இவ்வளவு போதும். நான் எழுத வந்தது படம் எடுத்த கதை.

பயாப்ஸி முடிவு வந்த அன்றே அக்கா கேட்டாள்: "எல்லாத்தையும் போட்டோ புடிச்சு வை. பின்னாடி பாப்பா கேட்டா காட்டணும்." பாப்பா அவள் மகள், அப்போது ஆறாம் வகுப்பு.

கையில் இருந்தது நிக்கான் டி750 கேமரா, 85 மி.மீ. லென்ஸ், 35 மி.மீ. லென்ஸ். நான் எடுத்த எடுப்பிலேயே 85-ஐ மாட்டினேன். கறுப்பு வெள்ளை. ஜன்னல் பக்கம் மட்டும் வெளிச்சம், பின்னால் கறுப்பு சார்ட் தாள். ஆறு வாரத்தில் 412 படங்கள் சேர்ந்தன. அதில் நாற்பதைப் பொறுக்கி அவளிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இதுல நான் எங்கடி இருக்கேன்? எழவு வீடு மாதிரி இருக்கு" என்றாள். அப்புறம் தையல் போட்ட படம் ஒன்றை எடுத்து, "இந்த எடம் செவந்து இருந்துச்சா, கறுத்து இருந்துச்சா? டாக்டர் கேட்டா இதைப் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். முடியாது. காயத்தின் நிறமே இல்லாத படம் அது. அன்றே கறுப்பு வெள்ளையை நிறுத்தினேன். 85 மி.மீ.யையும் எடுத்து வைத்துவிட்டு, பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை ₹6,500க்கு வாங்கினேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் 85 போட்டால் முகம் மட்டும்தான் வரும். அறை வராது, மேசையில் இருக்கிற மாத்திரை வராது, தையல் மெஷின் வராது.

முதல் கீமோ நாளில் இன்னொரு தவறு. ஜூலை மாதம், காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். குன்னூரில் 15 டிகிரி இருக்கும். கேமரா பை காரின் பின்னால். பர்லியாறு தாண்டி, கல்லாறு இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாக ஒன்பது மணிக்குக் கோவையில் இருந்தோம். வார்டில் கேமராவை வெளியே எடுத்த உடனே லென்ஸ் முழுக்கப் பனி பூத்துவிட்டது. கண்ணாடி குளிர்ந்து கிடக்கிறது, கீழே காற்று சூடும் ஈரமுமாக இருக்கிறது. துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தது. அந்த இருபது நிமிடத்தில்தான் சிவப்பு மருந்து முதல் சொட்டு இறங்கியது. அது படமாகவே இல்லை. அடுத்த முறையிலிருந்து கிளம்பும் முன்பே கேமராவை ஜிப் உறையில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்துவிட்டு மூடுவேன். கீழே போய் முக்கால் மணி நேரம் திறக்க மாட்டேன். உறையின் வெளியேதான் நீர் பூக்கும். மூன்றாவது கீமோவில் அந்தச் சிவப்புக் குழாயும் அக்காவின் இடது கையும் சரியாக வந்தன. வலது மணிக்கட்டில் அவள் ஒரு சிவப்பு ரூபியாத் துணியைக் கட்டியிருந்தாள். நெறி எடுத்த பக்கத்துக் கையில் ஊசியோ பி.பி. பட்டையோ போடுவதைப் பொதுவாகத் தவிர்க்கச் சொல்வார்கள். ஷிப்ட் மாறி வரும் நர்ஸுக்கு வாயால் சொல்ல மறந்தாலும் துணி ஞாபகப்படுத்தும்.

மருத்துவமனையில் எடுக்க எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினேன். வேறு நோயாளிகளோ ஊழியர்களோ படத்தில் வரக்கூடாது, ரேடியேஷன் அறைக்குள் கேமரா கூடாது என்றார்கள். நியாயமான நிபந்தனைகள். ஆனால் டி750இன் ஷட்டர் சத்தம் வார்டில் பெரிதாகக் கேட்டது. பக்கத்துப் படுக்கையில் அப்போதுதான் கண்ணயர்ந்த ஒரு அம்மா திடுக்கிட்டு எழுந்தார். அதோடு வார்டில் கேமராவை விட்டுவிட்டுக் கைப்பேசிக்கு மாறினேன். அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அப்பாவின் ஃபிலிம்.

எங்கள் அப்பா ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம், 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. 'இந்து' (INDU) என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் அங்கேதான் வந்தது. எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தார்கள். நாங்கள் பிறந்து வளர்ந்தது இந்து நகரில். அப்பாவின் தகரப் பெட்டியில் பிரிக்காத 120 ஃபிலிம் ரோல் ஒன்று கிடந்தது. கூடவே அவருடைய யாஷிகா கேமரா. கீமோ போட்ட 17ஆம் நாள் அக்காவுக்கு முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் வந்தது. மறுநாள் மாமா அவளுக்குத் தலையை மழித்துவிட்டார். அதை அப்பாவின் ஃபிலிமில் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. 12 படம். வேறு கேமரா எதுவும் எடுத்து வைக்கவில்லை. டி-76 என்ற டெவலப்பரில் கழுவிப் பார்த்தேன். காலாவதியாகி எத்தனையோ வருடம் ஆன ஃபிலிம், முழுக்கச் சாம்பல் ஏறியிருந்தது. இரண்டு சட்டத்தில் மட்டும் மாமாவின் கை நிழலாகத் தெரிகிறது. அக்காவின் முகம் எதிலும் இல்லை. திரும்ப எடுக்க முடியாத ஒன்றைச் சோதித்துப் பார்க்காத பொருளில் எடுத்துவிட்டேன். அந்த நாள் போனது போனதுதான். பழைய ஃபிலிமில் எடுத்தே ஆக வேண்டும் என்றால், கூடவே டிஜிட்டலிலும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கைப்பேசி விஷயம். ஆகஸ்ட் முதல் வாரம். டிரெஸ்ஸிங் பிரித்தபோது தழும்பை எடுத்த படங்கள் ஒன்பது என் கைப்பேசியில் இருந்தன. அந்தக் கைப்பேசியில் தானாகப் படங்களைச் சேமிக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தது. பாப்பாவின் பிறந்தநாள் படங்களைப் பகிர்வதற்காக என் கணக்கையும் அக்கா வீட்டுக் கணக்கையும் எப்போதோ சேர்த்து வைத்திருந்தேன். அக்கா வீட்டு டிவி சும்மா இருக்கும்போது அந்தத் தொகுப்பிலிருந்து படங்களை மாற்றி மாற்றிக் காட்டும். ஒரு மாலை பக்கத்து வீட்டார் மூன்று பேர் அவளைப் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். டிவியில் பாப்பா கேக் வெட்டுகிற படம், தொட்டபெட்டா, அப்புறம் அக்காவின் தழும்பு. 43 அங்குலத்தில்.

மாமாதான் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். எனக்குத் தகவல் சொன்னதும் அவர்தான். அக்கா ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. நான் போனால் கதவைத் திறந்துவிட்டு மெஷினில் போய் உட்காருவாள். பத்தாம் நாள் சொன்னாள்: "அறுத்தது டாக்டர். அதுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். இதுக்கு யார்கிட்ட கேட்ட?" எனக்கு இன்னும் அந்தக் கேள்வி காதில் இருக்கிறது.

பிரிட்டனைச் சேர்ந்த ஜோ ஸ்பென்ஸ் என்ற புகைப்படக் கலைஞருக்கு 1982இல் மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் தன் மார்பின் மேல் 'ஜோ ஸ்பென்ஸின் சொத்து?' என்று கேள்விக்குறியோடு எழுதிக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தை எனக்குப் பல வருடமாகத் தெரியும். அக்கா கேட்டபிறகுதான் அந்தக் கேள்விக்குறியின் அர்த்தம் எனக்கு விளங்கியது.

அன்றைக்கே செய்தது: கைப்பேசியில் தானியங்கிச் சேமிப்பை நிறுத்தினேன். சேர்த்து வைத்த கணக்கைப் பிரித்தேன். இடம் பதிவாகும் வசதியையும் அணைத்தேன். ஏற்கெனவே மேலே போனதையெல்லாம் குப்பைத் தொட்டி வரை போய் அழித்தேன். குப்பையில் போட்டால் மட்டும் போகாது, அங்கிருந்தும் அழிக்க வேண்டும். கைப்பேசியில் எடுப்பதையே விட்டேன். படங்கள் இனி கார்டிலிருந்து நேராக இரண்டு ஹார்ட் டிஸ்கில். இரண்டுக்கும் கடவுச்சொல். ஒன்று என் வீட்டில், ஒன்று அக்காவின் பீரோவில் சேலைக்கு அடியில். கடவுச்சொல்லை வைத்தவள் அவள். எனக்கு வேண்டுமென்றால் அவளைக் கேட்டுத்தான் திறக்க வேண்டும்.

அவள் இன்னொன்றும் செய்தாள். மிச்சமிருந்த ரவிக்கைத் துணியில் மூன்று சுருக்குப் பைகள் தைத்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு. நான் எடுத்ததில் மங்கலானதைக் கழித்துவிட்டு மீதியை 4x6 அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் இரவில் தனியாக உட்கார்ந்து பிரிப்பாள். பச்சைப் பையில் இருப்பதை யாருக்கும் காட்டலாம். மஞ்சள், வீட்டுப் பெண்களுக்கும் டாக்டருக்கும். சிவப்பில் விழுந்ததை அவள் கண் முன்னால் இரண்டு டிஸ்கிலிருந்தும் அழித்துவிட்டு, பிரிண்டை வெந்நீர் அடுப்பில் போட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. மொத்தம் 640 பிரிண்ட். பச்சையில் 61, மஞ்சளில் 204, சிவப்பில் 375. சிவப்பில் எரிந்ததில் நான் எடுத்ததிலேயே மிகச் சிறந்தது என்று நினைத்த படமும் உண்டு. அதுவும் எரிந்தது.

இனி சுவர்.

சமையலறைக் கதவை ஒட்டிய சுவரில் பாப்பாவின் உயரத்தை நான்கு வயதிலிருந்து வருடா வருடம் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அறுவைக் காயத்தில் நீர் வடிய வைத்திருந்த டியூபை எடுத்த பிறகு பிசியோதெரபி பெண் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சிலந்தி மாதிரி மெல்ல ஏற வேண்டும், எட்டிய இடத்தில் ஒரு கோடு. அக்கா பாப்பாவின் கோடுகளுக்குப் பக்கத்திலேயே தன்னுடையதைப் போட ஆரம்பித்தாள். ஜூன் கடைசியில் 118 செ.மீ. தோள் உயரம்கூட இல்லை. ஜூலை கடைசியில் 142. பேச ஆரம்பித்த அந்த வாரம் அவளே சொன்னாள்: "என்னை எடுக்கணும்னா இங்க எடு. முதுகுப் பக்கமா எடு. முகம் வேண்டாம், மாரு வேண்டாம். கை ஏறுதா இல்லையான்னு பார்ப்போம்."

நான் தரையில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். அவள் கால் வைக்க ஒரு கோடு, டிரைபாட் கால்களுக்கு மூன்று குறி. சுவரிலிருந்து கேமராவுக்கு 2.1 மீட்டர். கேமரா உயரம் 130 செ.மீ. 50 மி.மீ. லென்ஸ், நெட்டுவாக்கில், லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) 800. ஷட்டர் 1/50 வினாடி. எல்.இ.டி. டியூப் எரிகிற அறையில் இதைவிட வேகமாக வைத்தால் சுவரில் பட்டை பட்டையாக நிழல் வரலாம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 ஒத்துப்போகும். கிழக்கு ஜன்னல், காலை பத்து மணி. ஆகஸ்ட் மாத மஞ்சில் வெளிச்சம் ஒரே சீராக வரும், ஆனால் போதாது. சில ஞாயிறு ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை ஏற்ற வேண்டியிருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தேன். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு படம் எடுக்க நான்கு நிமிடம்.

முதல் நான்கு ஞாயிறு 149, 151, 154, 158. எங்களுக்கு ஒரே சந்தோஷம். நான்கையும் பிரிண்ட் போட்டு, அக்கா அடுத்த முறை போகும்போது பிசியோ பெண்ணிடம் காட்டினாள். அவர் ஒரு ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு படத்திலும் இரண்டு தோளையும் சேர்த்துக் கோடு போட்டார். முதல் படத்தில் கோடு கிட்டத்தட்ட நேர். நான்காவதில் வலது தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருக்கிறது, இடுப்பு ஒடிந்து உடம்பு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கை ஏறவில்லை, உடம்பு சாய்ந்து கையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. அக்குளில் கம்பி போல ஒன்று இழுக்கிறது என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இழுப்புக்குப் பயந்து தன்னை அறியாமலே உடம்பை வளைத்திருக்கிறாள். பென்சில் கோட்டில் இது தெரியாது. நான்கு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரிந்தது. கேமரா ஒரு சாண் நகர்ந்திருந்தால்கூட இது பிடிபட்டிருக்காது.

அடுத்த ஞாயிறு நேராக நின்று தொட்டாள். 149. ஒன்பது செ.மீ. இறங்கிவிட்டது. அன்று அழுதாள். ஆனால் அதிலிருந்துதான் நிஜமான ஏற்றம். அக்டோபர் கடைசியில் 161, டிசம்பரில் 172. ரேடியேஷன் முடிந்து தோல் இறுகி பிப்ரவரியில் 164க்கு இறங்கியது, பயிற்சியை விடவில்லை, மே மாதம் 179.

ரேடியேஷன் சமயத்தில் நிறம் பற்றி ஒன்று கற்றேன். அறைக்குள் விடவில்லை என்பதால் தோலில் அவர்கள் போட்ட மைக்கோடுகளை வீட்டில் எடுத்தேன். மூன்று வாரம் அந்தக் கோடுகள் அழியாமல் இருக்க வேண்டும். அக்கா முன்பக்கம் திறக்கிற மாதிரி பழைய மல் துணியில் தளர்வாக நான்கு சட்டை தைத்துக்கொண்டாள். உள்பக்கமெல்லாம் ஊதா மை. தோல் நாளுக்கு நாள் கறுத்தது. முதல் வாரப் படங்களில் நிறத்தைக் கேமராவே தீர்மானிக்கும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் விட்டிருந்தேன். ஒரு நாள் தோல் மஞ்சள், ஒரு நாள் ரோஸ். எது ரேடியேஷன், எது டியூப் லைட் என்று பிரிக்க முடியவில்லை. ₹450க்கு ஒரு கிரே கார்டு, அதாவது நிறத்தை ஒப்பிட உதவும் சாம்பல் அட்டை, வாங்கி, ஒவ்வொரு முறையும் முதல் படத்தில் அதை அவள் தோளில் வைத்து எடுத்து, நிறத்தை அதிலிருந்து சரிசெய்தேன். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டிய சாமான்.

கைச் சுற்றளவும் எழுதி வைத்தோம். நெறி எடுத்த கையில் நீர் தங்கி வீங்கும் வாய்ப்பு வாழ்நாள் முழுக்க உண்டு. தையல்காரியிடம் இஞ்சு டேப்புக்கா பஞ்சம்? முழங்கைக்கு மேல் 10 செ.மீ. தள்ளி ஒரு அளவு, கீழே 10 செ.மீ. தள்ளி ஒரு அளவு, இரண்டு கையிலும். செப்டம்பரில் வலது 28.5, இடது 27.8. மார்ச்சில் வலது 30.1, இடது 27.9. இரண்டு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் காட்டச் சொல்லியிருந்தார்கள். உடனே போனோம். இறுக்கமான கையுறை கொடுத்தார்கள், மேல்கை வரை வருவது, ₹1,900. இப்போது வித்தியாசம் 1.2. அளவெடுக்கும் படங்களெல்லாம் மஞ்சள் பையில் இருக்கின்றன. டேப் எண் தெரிகிற மாதிரி எடுத்திருப்பதால் டாக்டரிடம் நோட்டு தேவைப்படவில்லை.

பச்சைப் பையில் எனக்குப் பிடித்தது நவம்பரில் எடுத்தது. வாரக் கீமோவில் அக்காவின் விரல்நுனி மரத்துவிட்டது. ஊசி விரலில் குத்தினாலும் தெரியாது, நூல் கோக்க வராது. பாப்பா பள்ளிக்குக் கிளம்புமுன் இருபது ஊசியில் நூல் கோத்து, பஞ்சுக் குத்தியில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவாள். அந்தக் குத்தியும் பள்ளிப் பையும் மட்டும்தான் படத்தில். அதைப் போய் எடு என்று யாரும் சொல்லவில்லை, 50 மி.மீ. மாட்டியிருந்ததால் கண்ணில் பட்டது.

ஏப்ரலில் தோல் ஆறியதும் அக்கா தனக்கு மார்பு தைத்தாள். முதலில் பஞ்சு. 40 கிராம்தான் வந்தது, ரவிக்கைக்குள் மேலே ஏறிவிடும். ஞாயிறு படங்களைப் பார்த்தபோது இடது தோள் ஒன்றரை செ.மீ. இறங்கியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் கனம் இருந்தால் அப்படித்தான் ஆகும். அரிசி போட்டாள், வண்டு வந்தது. கடைசியில் கடுகு, 320 கிராம், மெல்லிய பருத்திப் பைக்குள். சமையலறைத் தராசில் நிறுத்து, கண்ணாடி முன் நின்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். எங்கள் ஊர் ஈரத்தில் கடுகும் பூசணம் பிடிக்கும். அதனால் பையின் பின்பக்கம் ஒரு வாய் விட்டு, மாதம் ஒருமுறை கொட்டி வெயிலில் காயவைத்து, பையைத் துவைத்துத் திரும்ப நிரப்புகிறாள். இதைப் படிப்படியாக 18 படம் எடுத்தோம். எல்லாம் பச்சை.

பூசணம் என் லென்ஸையும் விடவில்லை. பைக்குள் போட்டு மறந்த 85 மி.மீ.யில் செப்டம்பர் வாக்கில் சிலந்தி வலை போல் படர்ந்திருந்தது. சுத்தம் செய்ய ₹2,200. அதன் பிறகு காற்றுப் புகாத அரிசி டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு, உள்ளே ஈரப்பதமானி வைத்து, 45 சதவீதம் பக்கத்தில் பார்த்துக்கொள்கிறேன். நீல மணி ரோஸ் ஆனால் பழைய வாணலியில் வறுத்தால் திரும்ப நீலமாகும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

செலவு: லென்ஸ் 6,500, கிரே கார்டு 450, சிலிக்கா ஜெல் 380, டப்பா 320, ஈரப்பதமானி 350, டிஸ்க் இரண்டு 8,600, சின்ன பிரிண்ட் 640க்கு 5,120, பெரிய பிரிண்ட் 14க்கு 3,080, லென்ஸ் சுத்தம் 2,200, டேப், அட்டை, சார்ட் 210. மொத்தம் ₹27,210. இதில் 85 மி.மீ.க்குச் செய்ததைத் தவிர எதுவும் வீணில்லை. பிரிண்டுக்கு ஆனது அதிகம் என்று தோன்றலாம். கம்ப்யூட்டர் திரையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து காட்டியிருந்தால் அக்கா 375ஐ வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியதில் முதலாவது சுவர் ஏற்பாடு. 50 மி.மீ.யில் சட்டத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து 54 செ.மீ.யில் நின்றுவிட்டது. கால் வரவில்லை. டிசம்பரில் இரண்டு வாரம் அவள் குதிகாலைத் தூக்கி நின்றிருக்கிறாள்; பாப்பா பார்த்துச் சொன்னதால் தெரிந்தது, படத்தில் இல்லை. 35 மி.மீ. போட்டு, கேமராவை இன்னும் பின்னால் தள்ளிக் கொஞ்சம் இறக்கினால் தரை முதல் விரல் வரை வரும். கணக்குப் போட்டு, ஸ்டுடியோவில் வைத்தும் பார்த்துவிட்டேன். இரண்டாவது, அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒரு சுவர்ப் படமும் கை அளவும் எடுத்திருக்க வேண்டும். 193 என்பது இடது கையின் எண். வலது கை முன்பு எவ்வளவு எட்டியது என்று எங்களிடம் இல்லை. மூன்றாவது, மூன்று பைகளும் முதல் நாளே வேண்டும்.

பச்சைப் பையிலிருந்து 14 படத்தை அக்காவே தேர்ந்தாள். 12x18 அங்குலம், மேட் தாள். போன மாதம் அவளுடைய மகளிர் குழுக் கூட்டத்தில் துணிக்கொடி கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். 23 பேர் வந்திருந்தார்கள். நான் பேச வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அக்காவைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். கடுகு எத்தனை கிராம், மல் துணி எந்தக் கடை, அந்தக் கையுறையைத் துவைக்கலாமா, காப்பீட்டு அட்டைக்கு எங்கே போகணும். ஒரு பெண் சுவர்ப் படங்கள் நான்கின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அவருக்குப் போன ஆனியில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

வருகிற புதன் அவர் வீட்டுக்கு, கோத்தகிரி போகும் வழியில், நானும் அக்காவும் போகிறோம். 35 மி.மீ., டேப், தெர்மாகோல், கிரே கார்டு எடுத்து வைத்துவிட்டேன். அக்கா மூன்று பைகள் தைத்து முடித்துவிட்டாள். அவர் வீட்டு ஜன்னல் மேற்குப் பக்கமாம். மாலை மூன்றரைக்கு எடுக்க வேண்டியிருக்கும்.